அம்மனுக்கு இடம்

வீட்டிலே அம்மன் விக்கிரகத்தை எந்த மூலையில் வைப்பது, எத்திசை நோக்கி வைப்பது, எவ்வளவு உயரம் வரை வைக்கலாம் என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறும் சிறு பிரசுரங்கள் நம்மவரிடையே என்றும் விலைபோகின்றன. அவற்றின் விடைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. ஈசான மூலை உத்தமம். பின்னமான படிமம் வீட்டிலே இருத்தல் ஆகாது, அதனை நீரிலே விட்டுவிட வேண்டும். காளி முதலிய உக்கிர மூர்த்தங்களுக்கு மனையில் இடமில்லை. அளவைப் பற்றி மச்ச புராணமே ஒரு வரையறை தருகிறது. பெருவிரலின் ஒரு கணு அளவு தொடக்கம் ஒரு சாண் வரையுள்ள படிமமே வீட்டுக்கு உகந்ததென்றும், அதற்கு மேற்பட்டது கோயிலுக்கு உரியதென்றும் அது விதிக்கிறது.

இவ்விதிகளை ஏளனஞ் செய்வது நம் நோக்கமன்று. நம்பிக்கையோடு விளக்கேற்றும் ஒரு தாயின் உணர்வைக் கேலி செய்து முற்போக்குப் பேசுவது எளிது. அதனால் விளையும் பயன் சொற்பம். ஆயினும் சரித்திரத்தைக் கற்கும் மாணவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஈசான மூலை என்று ஒன்று இருக்கவேண்டுமாயின், முதலிலே நான்கு மூலை கொண்ட வீடு வேண்டும். வீடு நிற்பதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்திலே நாளையும் நாம் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். இவை மூன்றும் யாருக்கு வாய்த்திருந்தன? திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் வைத்து இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், சாத்திரம் சொல்லாத பல இடங்களில் அம்மன் இருந்திருக்கக் காண்கிறோம்.

இம்மாவட்டத்தின் மிகப் பழைய கதையே தெய்வத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முயன்ற ஒருவனைப் பற்றியது. நோயுற்ற தன் தாய் வழிபடுவதற்காக இராவணன் கோணேசர் மலையையே பெயர்க்க முற்பட்டான் என்றும், அவன் வாள் பட்ட இடமே சுவாமி மலையிலுள்ள இராவணன் வெட்டு என்றும் சொல்லப்படுகிறது. கதையிலே சரித்திரம் தேடுவார் தேடட்டும். நமக்குத் தோன்றுவது, அரசனின் தாயாகப் பிறந்தவளுக்குத்தான் மலையே வீட்டுக்கு வரும் என்பதை அக்கதை கட்டியவர்கள் நன்கறிந்திருந்தார்கள் என்பதே. மற்றத் தாய்மார் மலைக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் எந்த வாசல் வரை போகலாம் என்பதைப் பிறர் தீர்மானித்தார்கள்.

சம்பந்தர் பாடிய தலமாகிய கோணேச்சரத்தில் இறைவியின் திருநாமம் மாதுமையாள். இக்கோயிலை நடத்திவைத்த சமுதாயம் எத்தகையது என்பதைக் கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் 'கோணேசர் கல்வெட்டு' தெளிவாகக் காட்டுகிறது. பெயரிலே கல்வெட்டாயினும் அது ஏட்டில் எழுந்த நூல். தானத்தார் இன்ன பணி செய்க, வரிப்பத்தார் இன்ன பணி செய்க, இன்ன வயலின் விளைவு இன்னதற்கு ஆகுக என்று அந்நூல் வகுத்துக்கொண்டே போகிறது. பக்தி நூலாக மட்டும் இதைப் படிப்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அம்மனின் திருமுன் ஒரு விளக்கு எரிய எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதற்கு இதனைவிடச் சிறந்த ஆவணம் இப்பகுதியில் வேறு கிடைப்பது அரிது.

அந்த ஒழுங்கு முழுவதும் 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில் சிதறியது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தான்; அதன் கற்களைக் கொண்டு துறைமுகத்துக்குக் காவலாகக் கோட்டையைக் கட்டினான். இன்றைய பிரட்றிக் கோட்டையின் வாயிலிலே மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பொறித்த கற்கள் இருப்பதை யாவரும் காணலாம். மதவெறி ஒன்றே இதற்குக் காரணமென்று சொல்லி முடித்துவிடலாகாது. கீழைக் கடலில் இதற்கு ஈடான இயற்கைத் துறைமுகம் வேறில்லை. அதனைக் கையில் வைத்திருப்பவனுக்கே வங்கக் கடல் வாணிகம் வசப்படும். மலை முனை பீரங்கிக்கு வேண்டியிருந்தது. ஆகவே தெய்வம் இறங்க நேர்ந்தது. 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதே மேட்டில் ஏறி அதே கடலைத்தான் நோக்கினார்கள்.

விக்கிரகங்கள் எங்கே போயின? சில மண்ணுக்குள் போயின. சில தம்பலகாமத்துப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டு மலைக்காட்டிலே மறைத்து வைக்கப்பட்டன என்றும், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்திலே அங்கு ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது. அங்கே அம்பாளின் பெயர் அம்சகமனாம்பிகை, அன்னம் போல் நடப்பவள். இடம்பெயர்ந்து வந்த ஒரு தெய்வத்துக்கு நடையைக் குறிக்கும் பெயர் அமைந்தது தற்செயலே ஆகலாம், எனினும் பொருத்தமானது.

இடிந்த மலையிலோ வழிபாடு நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பயணக் குறிப்புக்கள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: மாலை வேளையில் பூசகர் பாறை விளிம்பிலே நிற்கிறார், தீபங் காட்டிப் பூவையும் வெற்றிலையையும் கீழே கடலில் எறிகிறார், மக்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். கருவறையும் விக்கிரகமும் இல்லாத வழிபாடு அது. இராணுவக் கோட்டைக்குள் போகவும் வரவும் அனுமதி வேண்டியிருந்த காலத்தில் கடலே சன்னிதியாயிற்று.

இந்த முந்நூறு ஆண்டுக் காலத்தில் வீடு என்ன பங்கு வகித்தது என்பதே நம் பொருளுக்கு முக்கியமானது. போர்த்துக்கேயர் காலத்தில் விரத நாளிலே உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி ஒளித்தார்கள் என்ற செவிவழிச் செய்தி யாழ்ப்பாணத்தில் உண்டு. பகிரங்க வழிபாட்டை ஒல்லாந்தரும் தடை செய்தனர். ஆட்சியாளரின் கண்ணுக்கு அகப்படாமல் தெய்வத்தைப் பேண வேண்டுமாயின் பொன்னும் வெண்கலமும் உதவா, அவை காட்டிக்கொடுப்பன. சாதாரணப் பொருள்களே பாதுகாப்பானவை. ஒரு செம்பு, அதிலே நீர், வாயிலே மாவிலை அல்லது வேப்பிலை, மேலே ஒரு தேங்காய்: இதுவே கும்பம். வேளை முடிந்ததும் செம்பு சமையலறைக்குப் போகும், தேங்காய் கறிக்குப் போகும். சோதனைக்கு வருபவன் எதைப் பறிமுதல் செய்வான்? கும்ப வழிபாடு அந்நியர் ஆட்சியிலே தோன்றியதென்று நாம் சொல்லவில்லை. அது அதனிலும் மிகத் தொன்மையானது. ஆனால் இக்கரையிலே அது இத்தனை ஆழமாக வேரூன்றி நிற்பதற்கு அக்கால நெருக்கடியும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு. இன்றும் நவராத்திரியிலே திருகோணமலை நகரத்தின் சிறப்பு கொலுவன்று, கும்பமே. கும்பம் வைத்து ஒன்பது நாளும் வழிபட்டு, முடிவிலே பெருங் கும்பங்களை அலங்கரித்துத் தலையிற் சுமந்து இரவிலே தெருத்தெருவாக வருகிறார்கள்.

வறியவனுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கரைவலை இழுப்பவனின் குடில் ஒரே அறை. சம்மாட்டியிடம் பட்ட கடனுக்கும், வாடைக் காலத்துப் பட்டினிக்கும் நடுவே அவன் வார்ப்புச் சிற்பியிடம் படிமம் செய்விக்கப் போவதில்லை. செம்பில்லாதவன் மண்குடத்தில் வைப்பான். வேம்பின் அடியிலே ஒரு சூலத்தை நட்டால் அது அம்மன். வெண்கலப் படிமத்துக்குக் கதவும் பூட்டும் வேண்டும், வேம்புக்கு வேண்டாம். சாத்திரம் வீட்டிலிருந்து விலக்கிய பத்திரகாளி நகரத்தின் நடுவே பெருங் கோயில் கொண்டிருக்கிறாள். கொள்ளை நோயையும் புயலையும் கடலையும் அஞ்சி வாழ்ந்த ஊர் அவளை வீட்டுக்கு அழைக்கத் தயங்கியது, ஆனால் ஊரை விட்டு அனுப்பத் துணியவில்லை.

அம்மனுக்கு இடங் கொடுத்தலும் மறுத்தலும் நம்மவர்க்குள்ளேயே நடந்ததுண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம நெறியைத் தூய்மைப்படுத்த முனைந்தபோது, உயிர்ப்பலி பெறும் சிறு தெய்வங்களோடு கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். அவர் காலத்துக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி என்ற பெயர்களைப் பூண்டன. பாதிரிமாரின் தாக்குதலுக்கு விடைகூற நாவலர் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் நீதி கேட்டு அரசவைக்குப் போன ஒரு வணிகப் பெண்ணைத் தெய்வமாகக் கொண்ட மக்களின் கண்ணோட்டத்தில் இது இழப்பேயாம். கிழக்கு மாகாணத்தில் இந்த மாற்றம் அவ்வளவாக ஊடுருவவில்லை. மட்டக்களப்பிலே கண்ணகி இன்னும் கண்ணகியே. தம்பலகாமத்தை அடுத்த பாலம்போட்டாற்றில் அவள் பத்தினி அம்மன். சிங்கள மக்களும் பத்தினி என்ற பெயராலேயே அவளை வணங்குகிறார்கள் என்பதை இரு சாராரிலும் உள்ள இனவாதிகள் நினைவூட்ட விரும்புவதில்லை.

சாதியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே சத்தியாக்கிரகம் செய்தவர்கள் தாக்கப்பட்டார்கள். கோயிலுக்குள் விடப்படாதவனுக்குத் தன் குடிலின் மண்குடமே கோயிலாயிற்று. அதை அவனுடைய எளிமையான பக்தி என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. கதவை அடைத்தவனே வெளியில் நிற்பவனின் எளிமையைப் புகழ்வது விசித்திரமான புகழ்ச்சி! வீட்டுக்குள்ளும் ஒரு கதவு உண்டு. சாமியறையைக் கூட்டி மெழுகி, விளக்கைத் துலக்கி, பூத்தொடுத்து வைப்பவள் பெண். துடக்கு என்று சொல்லி மாதத்திலே சில நாள் அவ்வறையின் வாசலையும் மிதியாமல் விலக்கப்படுபவளும் அவளே. உள்ளே இருப்பதும் ஒரு பெண் தெய்வந்தான். இம்முரண்பாட்டைப் பற்றி வாஸ்து சாத்திரப் பிரசுரங்களில் ஒரு வரியையும் நாம் கண்டதில்லை.

இனி, இக்கரையிலிருந்து புறப்பட்டு மிகத் தொலைவிலே இடம்பெற்ற ஓர் அன்னையைப் பார்ப்போம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக் கரையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்ததெனக் கூறப்படும் ஒரு பொன்முலாம் பூசிய வெண்கலப் படிமம் இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது. உயரம் 143 சென்டிமீற்றர். காலம் ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டு. ஒடுங்கிய இடை, இடைக்கு மேலே ஆடையில்லாத திருமேனி, வரமளிக்கும் வலக்கை. முதலில் இதைப் பத்தினித் தெய்வமென்று கருதினர்; பின்னர் மகாயான பௌத்தத்தின் தாரை என ஆராய்ச்சியாளர் தெளிந்தனர். தாரை என்ற பெயருக்குக் கடக்கச் செய்பவள், கரையேற்றுபவள் என்பது பொருள். துறைமுகக் கரையிலே அவளை மாலுமிகளும் வணிகரும் வணங்கியிருப்பர் என்பதில் வியப்பில்லை. இதே மாவட்டத்தின் திரியாயில் உள்ள பாறைச் சாசனம் வணிகக் குழுவினரின் பெயரையும் அவலோகிதேசுவரரின் புகழையும் சேர்த்தே பேசுகிறது.

இப்படிமத்தை 1830இல் அரும்பொருட்சாலைக்கு அளித்தவர் சேர் றொபேட் பிறவுண்றிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்து, 1815இல் கண்டியைக் கைப்பற்றி, 1818இல் ஊவாக் கிளர்ச்சியை இரத்தத்தில் அடக்கிய அதே பிறவுண்றிக். அளித்தார் என்ற வினைச்சொல்லை நாம் அரும்பொருட்சாலையின் பதிவேட்டிலிருந்தே எடுத்தாளுகிறோம். தமதல்லாத பொருளைக் கொடுப்பதற்கு அதனினும் பொருத்தமான சொல் அவர்களுக்கு அகப்படவில்லை போலும். இலண்டன் சேர்ந்த அன்னைக்கு அங்கே கிடைத்த இடம் எது? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் காணாதபடி பண்டசாலையிலே பூட்டிவைக்கப்பட்டாள். மேனி தெரிவதால் அவள் ஒழுக்கத்துக்கு இழுக்கு விளைப்பாள் என்று விக்டோரியா காலத்துக் கனவான்கள் அஞ்சினார்கள். பீரங்கியோடு வந்து கோயிலை இடித்த போர்த்துக்கேயனுக்கும், வெள்ளைக் கையுறை அணிந்து பண்டசாலையைப் பூட்டிய ஆங்கிலேயனுக்கும் நாகரிகத்தில் வேற்றுமை உண்டு. அன்னையைப் பொறுத்தவரை இரண்டும் இருட்டறையே.

மண்ணுக்குள் போனவர்கள் 1950இல் வெளிப்பட்டார்கள். திருகோணமலை நகர சபை கிணறு வெட்டிய இடத்தில், கோணேசர் மலைக்குச் சிறிது தூரத்தில், மண்வெட்டி உலோகத்தில் முட்டியது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய வெண்கலப் படிமங்கள், சோழர் பாணியில் அமைந்தவை, ஒவ்வொன்றாக மேலே வந்தன. மருத்துவர் பாலேந்திரா இவற்றைப் பற்றி 1953இல் 'தமிழ்க் கலாசாரம்' என்ற ஆங்கில ஆராய்ச்சி ஏட்டிலே எழுதினார். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடிக்கடலில் மூழ்கி, இடிபாட்டுத் தூண்களையும் கற்களையும் கண்டனர். மூழ்கிய இருவரில் வில்சன் பின்னாளிலே காவி தரித்துச் சுவாமியானார். கிளார்க் கடைசிவரை நாத்திகர். புதுப்பித்த கோயிலில் 1963 மார்ச் 3ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. பெயர் வாய்ந்த முனிவர் எவருக்கும் கனவிலே தோன்றிப் படிமங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கவில்லை. தண்ணீருக்காக வெட்டிய தொழிலாளரின் கைக்கே அகப்பட்டன. குடமுழுக்கு மலரிலே அவர்கள் பெயரைத் தேடுவது வீண் வேலை.

அதற்கு முன்னரே வேறொரு அம்மன் எல்லா வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டாள். 1894இல் இரவிவர்மா பம்பாயிலே நிறுவிய கல்லச்சுக் கூடம் இலக்குமியையும் சரசுவதியையும் வண்ணப் படமாக்கிச் சில அணாக்களுக்கு விற்றது. யந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. பின்னர் கோவிற்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணாக்கரும் தீட்டிய தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகிக் கடல் கடந்தன. புராணம் விதித்த சாண் அளவு, வார்ப்புச் சிற்பியின் கூலி, பிரதிஷ்டைக்குக் குருக்களின் தட்சிணை ஆகிய மூன்றையும் காகிதம் ஒரே எட்டில் தாண்டியது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனும் ஆணியடித்து அம்மனை மாட்டினான். கடைக்காரன் விளம்பரத்துக்காகச் சும்மாவே கொடுத்தான். முதலாளித்துவம் தெய்வத்தைச் சரக்காக்கியது என்று சினப்பது சரியே. ஆயினும் அச்சரக்கு ஓர் ஏழைப் பெண்ணின் சுவருக்கு முதன்முறையாகச் சரசுவதியைக் கொண்டுவந்தது என்பதையும் நாம் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னியாய்க்கு வடமேற்கே பெரியகுளத்தருகிலுள்ள வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள், தமிழர்கள் புத்தர் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்ததைச் சொல்கின்றன. அதே மாவட்டத்திலே 2005 மே மாதத்து இரவொன்றில் நகரின் பஸ் நிலையத்தருகே புத்தர் சிலை ஒன்று நிறுவப்பட்டது. கடையடைப்பும் கலவரமும் முள்வேலியும் தொடர்ந்தன. முன்னது விளக்குக் கொடுப்பதற்கு வைத்த இடம். பின்னது நிலம் யாருடையது என்று அறிவிப்பதற்கு வைத்த இடம். சிலையின் முகத்தில் அதே கருணைதான் இருந்தது.

அடுத்த ஆண்டு, 2006இல், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர் மக்கள் குண்டு வீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். 2007இல் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நிலக்கரி மின்நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் என்று அளக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலே தகரத்துக்கும் தறப்பாளுக்கும் கீழே அவர்கள் ஒன்பது ஆண்டுகள் கழித்தனர். தறப்பாள் கூடாரத்துக்கு ஈசான மூலை எது? நடுக்கம்பிலே கயிற்றிற் கட்டித் தொங்கவிட்ட அட்டைப் படமே அங்கே அம்மன். மழைக்கு முதலிலே நனைவதும், இடம் மாறும்போது முதலிலே மடிக்கு ஏறுவதும் அதுவே. 2015இல் கைத்தொழில் வலயத்துக்கென எடுத்த 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் கண்டது புதரும் அடித்தளமும். பல இடங்களிலே வேலி எங்கிருந்தது, கிணறு எது, வீட்டு வாசல் எத்திசையில் இருந்தது என்று நின்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீடு கட்ட உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். உறுதி எரிந்துபோனவர்கள் கச்சேரிக்கு நடந்தார்கள்.